வகுப்பு அடங்கவில்லை என்றால் நான் நல்ல ஆசிரியர் இல்லையா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் கல்விக் கழகத்தில் படிப்பை முடித்துவிட்டு, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டப்புறப் பட்டணத்துத் தமிழ்ப்பள்ளியில் இந்த ஆண்டு பணிக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். நான்காம் ஆண்டு வகுப்பு, 27 பிள்ளைகள். நீங்கள் வெண்பலகைப் பக்கம் திரும்பினால் போதும், வகுப்பு சந்தைக்கடையாகிவிடுகிறது. ஒரு மூத்த ஆசிரியர், "முதல் மூன்று மாதம் பிள்ளைகளைப் பார்த்துச் சிரிக்கவே கூடாது" என்கிறார். இன்னொருவர், "பிரம்பை மேசைமேல் வைத்தால் போதும்" என்கிறார். கழகத்திலோ அன்பால் வெல்லுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். நல்ல ஆசிரியருக்கு என்னென்ன பண்புகள் வேண்டும், வகுப்பை எப்படிக் கட்டுக்குள் வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், "சிலருக்குத்தான் இந்த வேலை ஒத்துவரும் போலிருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கேட்க வந்தது அதுதான் என்று எனக்குப் படுகிறது.

ஒத்துவரும், டீச்சர். உங்களிடம் இப்போது இல்லாதவை சில பழக்கங்கள், அவ்வளவுதான். அவற்றைக் கற்றுக்கொள்ளலாம். நான் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டப் பள்ளிகளில் 30 ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன். கட்டொழுங்கு ஆசிரியராகவும் அப்புறம் துணைத் தலைமையாசிரியராகவும் இருந்ததால், மற்றவர்களின் வகுப்பில் கடைசி மேசையில் உட்கார்ந்து பாடம் நடப்பதைப் பார்க்கும் வாய்ப்பு நிறைய கிடைத்தது. கணீர்க் குரலும் கம்பீரமும் உள்ளவர்கள் வகுப்பைக் கோட்டைவிட்டதைப் பார்த்திருக்கிறேன். பக்கத்து வகுப்புக்குக் குரலே கேட்காத, கூச்ச சுபாவமுள்ள டீச்சர் ஒருவர் ஆறாம் ஆண்டுப் பையன்களை அமைதியாக வேலை செய்ய வைத்ததையும் பார்த்திருக்கிறேன். வித்தியாசம் குணத்தில் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. சத்தம் வருவதற்கு முன்னால் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதில்தான் இருந்தது.

இதை என் அனுபவமாக மட்டும் சொல்லவில்லை. ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுப்பறைகளை ஒளிப்பதிவு செய்து ஆராய்ந்து, 1970இல் முடிவுகளை வெளியிட்டார். குறும்பு செய்யும் பிள்ளையை ஆசிரியர் எப்படிக் கண்டிக்கிறார் என்பதில்தான் சூட்சுமம் இருக்கும் என்று தேடியவருக்கு அங்கே எதுவும் கிடைக்கவில்லை. நன்றாக நடக்கும் வகுப்பிலும் நடக்காத வகுப்பிலும் கண்டிக்கும் விதத்தில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. வேறுபாடு இருந்த இடங்கள் வேறு: வகுப்பில் நடப்பதெல்லாம் ஆசிரியருக்குத் தெரிகிறது என்று பிள்ளைகள் உணர்வது, ஒரே நேரத்தில் இரண்டு காரியங்களைக் கவனிப்பது, பாடத்தை ஆசிரியரே அறுத்து அறுத்துப் போடாமல் ஓடவிடுவது. அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அந்த அடிப்படை அப்படியே நிற்கிறது. நீங்கள் எந்தத் தண்டனை பலிக்கும் என்று தேடிக்கொண்டிருந்தால், தேடும் இடத்தை மாற்றுங்கள்.

முதலில் காலை நேரம். தோட்டப்புறப் பட்டணத்துப் பள்ளி நகரத்துப் பள்ளி மாதிரி இல்லை. முன்பெல்லாம் லயத்திலிருந்து, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளிலிருந்து, பிள்ளைகள் நடந்தே வந்துவிடுவார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டங்களும் துண்டாடப்பட்டபின் குடும்பங்கள் தாமான் எனும் குடியிருப்புப் பகுதிகளுக்குச் சிதறிவிட்டன. இப்போது உங்கள் 27 பேரும் நான்கைந்து வேன்களில் வருகிறார்கள். முதல் வேன் இருட்டோடு வந்துவிடும், கடைசி வேன் மணியடித்தபின் வரும். முதலில் வந்தவனுக்கு அரை மணி நேரம் வெட்டிப் பொழுது, கடைசியில் வந்தவனுக்கு மூச்சுவிட நேரமில்லை. இந்த இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு எடுத்த எடுப்பில் பீடிகையை, அதாவது பாடத்தின் அறிமுகத்தை, தொடங்கினால் பாதிப் பேர் காதில் விழாது. நான் செய்ததும் செய்யச் சொன்னதும் இதுதான்: முந்தின நாள் மாலையே பலகையின் இடது மூலையில் ஐந்து சிறு வேலைகளை எழுதிவைத்துவிட வேண்டும். நேற்றைய பாடத்தில் இரண்டு கணக்கு, போன வாரத்தில் ஒன்று, எழுத்துப்பிழை திருத்த ஒரு வாக்கியம், விருப்பம் இருந்தால் வரைய ஒரு படம். யார் எப்போது வந்தாலும் பையை மாட்டிவிட்டு, புத்தகத்தைத் திறந்து, அதைத் தொடங்க வேண்டும். நீங்கள் கதவருகே நின்று, பெயர் சொல்லிக் காலை வணக்கம் சொல்லுங்கள். யார் முகம் வாடியிருக்கிறது, யார் சாப்பிடாமல் வந்திருக்கிறார், யாருக்கும் யாருக்கும் வேனிலேயே சண்டை என்பதெல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். படித்ததை நினைவுபடுத்தும் மீட்டுணர்தலும் தன்னால் முடிந்துவிடும்.

இந்தப் பழக்கத்தை ஒருநாள் சொல்லிவிட்டால் வராது. பாடம் நடத்துவதைப்போல் நடத்திக்காட்ட வேண்டும், ஒத்திகை பார்க்க வேண்டும். புத்தகம் விநியோகிப்பதற்கும் அப்படியே. ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு 27 புத்தகத்தைக் கொடுத்தால் ஐந்து நிமிடம் போய்விடும், அந்த ஐந்து நிமிடத்தில் தொடங்கும் சத்தம் பாடவேளை முடியும்வரை இருக்கும். வரிசைக்கு ஒரு பிள்ளை, அந்த வரிசையின் புத்தகக் கட்டு அவர் பொறுப்பு என்று வைத்தால் ஒரு நிமிடம்கூட ஆகாது. கழிவறைக்குப் போவது, பென்சில் சீவுவது, வேலையை முன்னதாக முடித்தவர் அடுத்து என்ன செய்வது, எல்லாவற்றுக்கும் ஒரு வழி இருக்க வேண்டும். பள்ளி திறந்த முதல் சில வாரங்களில் இவற்றைப் பொறுமையாகக் கற்பித்த ஆசிரியர்களின் வகுப்பு ஆண்டு முழுக்கச் சீராக நடந்தது என்று எழுபதுகளின் கடைசியில் அமெரிக்காவில் நடந்த ஆய்வுகளும் காட்டின. நீங்கள் அந்த வாரங்களைத் தவறவிட்டுவிட்டதாகக் கவலைப்பட வேண்டாம். பள்ளி விடுமுறை முடிந்து வரும் திங்கட்கிழமை, புதிதாகத் தொடங்க நல்ல நாள். "இனிமேல் நம் வகுப்பில் இப்படி" என்று சொன்னால் பிள்ளைகள் ஏற்றுக்கொள்வார்கள்.

அடுத்தது, பாடத்தை நீங்களே அறுப்பது. பின்னம் நடத்திக்கொண்டிருக்கிறீர்கள், மூன்றாவது வரிசையில் ஒருவன் பென்சிலால் மேசையைத் தட்டுகிறான் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் நிறுத்தி, அவன் பெயரைச் சொல்லி, நேற்றும் இப்படித்தான் செய்தாய் என்று ஆரம்பித்தால், அதுவரை கேட்டுக்கொண்டிருந்த 26 பேரின் கவனத்தையும் அவனிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது நீங்கள்தான். பேச்சை நிறுத்தாமல் நடந்துபோய் அவன் மேசைப் பக்கத்தில் நில்லுங்கள். பெரும்பாலும் அதுவே போதும். போதாவிட்டால் விரலால் புத்தகத்தைத் தொட்டுக் காட்டுங்கள். அப்படியும் நிற்கவில்லையா, குனிந்து அவனுக்கு மட்டும் கேட்கும்படி ஒரே வாக்கியம் சொல்லுங்கள்: "இரண்டாவது கணக்கைச் செய், நான் திரும்ப வந்து பார்க்கிறேன்." சொன்னபடி திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும், அதை மட்டும் மறக்கக் கூடாது. கேள்வி கேட்கும்போது பெயரைக் கடைசியில் சொல்லுங்கள். முதலிலேயே பெயரைச் சொன்னால் மற்றவர்கள் ஓய்வெடுத்துக்கொள்வார்கள். கேட்டுவிட்டு மூன்று விநாடியாவது காத்திருங்கள். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்றாக நீட்டினால் பதில்கள் நீளமாகின்றன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் கண்டறிந்தார். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும் மாற்றி மாற்றிச் சுமக்கும் நம் பிள்ளைகளுக்கு அந்த மூன்று விநாடி இன்னும் அவசியம்.

பாட அறிவை யாரும் வகுப்புக் கட்டுப்பாட்டோடு சேர்த்துப் பேசுவதில்லை. நான் சேர்த்தே பேசுவேன். இரண்டில் ஒன்றையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதும் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் கட்டாயம் இருப்பார்கள். இது வரும் என்று நேற்றிரவே உங்களுக்குத் தெரிந்திருந்தால், வட்டமான ஒரு ரொட்டி சானாயை வரைந்து, பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தபின் பாதியைவிடக் குறைந்துபோகுமா என்று கேட்டு வகுப்பையே யோசிக்க வைத்துவிடலாம். தெரியாவிட்டால் "தப்பு, திரும்பச் செய்" என்பீர்கள், புரியாதவர்கள் பேச ஆரம்பிப்பார்கள். பாடத்தைத் தெரிந்திருப்பது ஒன்று, அந்தப் பாடத்தில் பிள்ளை எங்கே இடறும் என்று தெரிந்திருப்பது வேறொன்று என்று அமெரிக்கக் கல்வி உளவியலாளர் லீ ஷுல்மன் 1986இல் எழுதியது கல்வியுலகில் பெரிய திருப்பமாக இருந்தது. நாள் பாடத்திட்டம் எழுதும்போது "பிள்ளைகள் இங்கே என்ன தவறு செய்வார்கள்" என்று ஒரு வரி கூடுதலாக எழுதிப் பழகுங்கள். யாரும் கேட்காத வரிதான், ஆனால் அதிகம் உழைக்கும் வரி.

இப்போது நான் மிகவும் வற்புறுத்த விரும்பும் விஷயம். ஒரு வாரம், குறும்பு எந்த நிமிடத்தில் தொடங்குகிறது என்று குறித்து வையுங்கள். யார் என்பதைவிட எப்போது என்பதைப் பாருங்கள். ஐந்தாம் ஆண்டில் ஒரு பையன் இருந்தான். எல்லா ஆசிரியரிடமும் அவனைப் பற்றிப் புகார் இருந்தது. கணக்குப் பாடத்தில் ஓரளவு உட்காருவான், விளையாட்டில் முதல் ஆள். வாசிப்புப் பகுதி வந்தால் மட்டும் "சார், வெளியே போகணும்" என்பான். விடாவிட்டால் பக்கத்தில் இருப்பவனைச் சீண்டி, வகுப்புக்கு வெளியே நிற்கும் தண்டனையை வாங்கிக்கொள்வான். அவன் முறை வருவதற்குச் சரியாக இரண்டு பேருக்கு முன்னால் இது நடக்கும். ஒருநாள் ஓய்வு நேரத்தில் தனியாக உட்காரவைத்து ஒரு பத்தியைக் கொடுத்தேன். முதல் வரியை மனப்பாடமாகச் சொன்னான், இரண்டாவது வரியில் கூட்டெழுத்து எதுவும் வரவில்லை. "கொ"வையும் "கெ"யையும் பிரிக்கத் தெரியவில்லை. நண்பர்கள் முன்னால் வாசிக்கத் தெரியாதவன் என்று நிற்பதைவிட, பொல்லாதவன் என்று வெளியே நிற்பது அவனுக்கு மேலாக இருந்தது. படிப்பில் பின்தங்கியவர்களுக்குத் தனியாகக் கற்பிக்கும் குறைநீக்கல் ஆசிரியரும் நானும் சேர்ந்து அவனுக்குத் தினமும் கொஞ்ச நேரம் ஒதுக்கினோம். வகுப்பில் வாசிக்க வேண்டிய பத்தியை முந்தின நாளே அவனிடம் கொடுத்து வைத்தேன். சீண்டல் மெல்லக் குறைந்தது. முழுக்க நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆறாம் ஆண்டு முடிவில் நடந்த யு.பி.எஸ்.ஆர். அரசுத் தேர்வு 2021இல் எடுக்கப்பட்டபின், பிள்ளை எங்கே நிற்கிறது என்பதைக் காட்டும் பொறுப்பு பெரும்பகுதி, ஆசிரியரே வகுப்பில் செய்யும் வகுப்பறைசார் மதிப்பீட்டின்மேல் வந்துவிட்டது. நீங்கள் பிள்ளையின் வாயால் வாசிக்கக் கேட்காமல் அடைவுநிலையைக் குறித்துவிட்டால், இந்த மாதிரிப் பையனை யாருமே கண்டுபிடிக்க மாட்டார்கள். அவன் மலாயிலும் தடுமாறினால், இடைநிலைப்பள்ளிக்குப் போகும்போது மலாய் போதாதவர்களுக்கான புகுமுக வகுப்பில் ஓராண்டு கழிக்க நேரலாம்.

சிரிக்காதே என்ற ஆலோசனைக்கு வருகிறேன். அந்த மூத்த ஆசிரியர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் கண்டிப்பையும் கடுகடுப்பையும் ஒன்றாக்கிவிட்டார். ஆசிரியர் இலக்கணம் என்றாலே நம்மவர்கள் ஆசிரியருக்கு நன்னூல் சொல்லும் நிலம், மலை, துலாக்கோல், மலர் என்ற உவமைகளைத்தான் மேடையில் சொல்வார்கள். பாடம் சொல்லும் முறைபற்றி அதே நூல் சொல்வது உங்களுக்கு இன்னும் நேரடியாக உதவும்: சொல்லப்போவதை மனத்தில் அமைத்துக்கொண்டு, அவசரப்படாமல், கோபப்படாமல், விருப்பத்தோடு முகமலர்ந்து, கேட்பவன் கொள்ளும் வகையை அறிந்து சொல்ல வேண்டும். முகமலர்ந்து என்றே இருக்கிறது. அலாஸ்காவில் சிற்றூர்களிலிருந்து பட்டணத்துப் பள்ளிகளுக்கு வந்த பழங்குடிப் பிள்ளைகளை ஜூடித் கிளைன்ஃபெல்ட் என்ற ஆய்வாளர் ஆராய்ந்து 1975இல் எழுதினார். பாசமாக இருந்து எதையும் கேட்காத ஆசிரியரிடமும் அந்தப் பிள்ளைகள் படிக்கவில்லை, கேட்டுக்கொண்டே இருந்து பாசம் காட்டாத ஆசிரியரிடமும் படிக்கவில்லை. இரண்டும் சேர்ந்தவரிடம்தான் படித்தார்கள். அது சிறிய அளவில் நேரில் பார்த்துச் செய்த ஆய்வு, எல்லா ஊருக்கும் அப்படியே பொருந்தும் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நான் தோட்டப் பிள்ளைகளிடம் கண்டதும் அதேதான். "நீ இதை முடிக்காமல் விடமாட்டேன், ஏனென்றால் உன்னால் முடியும்" என்று சிரித்த முகத்தோடு சொல்லும் டீச்சரை அவர்கள் வாழ்நாளுக்கும் மறப்பதில்லை.

உறுதியாகச் சொல்ல முடியாதவற்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பயிலரங்குகளில் இவை முடிந்த முடிவுபோல் வரும். பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரித்து அதற்கேற்றபடி நடத்தினால் நன்றாகக் கற்பார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2008இல் உளவியலாளர்கள் நால்வர் பரிசீலித்துச் சொன்னார்கள். அந்தப் பட்டியல் தயாரிக்கும் நேரத்தில் பிள்ளைகளின் புத்தகங்களைத் திருத்துங்கள். ஆசிரியர் எதிர்பார்ப்பு உயர்ந்தால் பிள்ளையின் அறிவுத்திறனே உயரும் என்று 1968இல் ராபர்ட் ரோசந்தாலும் லெனோர் ஜேக்கப்சனும் வெளியிட்ட ஆய்வு இன்றுவரை சர்ச்சையில்தான் இருக்கிறது. ஆனாலும் ஆசிரியர் அறையில் "அந்தத் தோட்டத்துப் பிள்ளைகளே அப்படித்தான்" என்ற பேச்சு வரும்போது தயவுசெய்து கலந்துகொள்ளாதீர்கள். அதற்கு ஆய்வு தேவையில்லை. அப்படிப் பேசிய வாயோடு அடுத்த பாடவேளையில் அதே பிள்ளையிடம் நல்ல கேள்வி கேட்பது கடினம். நட்சத்திர ஒட்டுவில்லை (ஸ்டிக்கர்), மிட்டாய் போன்ற பரிசுகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஏற்கெனவே ஆசையாக வரையும் சிறுபிள்ளைகளிடம் பரிசு தருவதாகச் சொல்லி வரைய வைத்தால், பின்பு அவர்களின் ஆர்வம் குறைகிறது என்று 1973இல் ஓர் ஆய்வு காட்டியது. பிடிக்காத வேலையைத் தொடங்கவைக்க ஒட்டுவில்லை கொஞ்ச நாள் உதவலாம். விருப்பமாகச் செய்வதற்குக் கொடுக்காதீர்கள்.

பிரம்பு விஷயத்தில் சட்டம் தெளிவாக இருக்கிறது. 1959ஆம் ஆண்டின் பள்ளிக் கட்டொழுங்கு விதிகளின்படி பெண்பிள்ளைகளைப் பிரம்பால் அடிக்கவே கூடாது. ஆண்பிள்ளைகளை அடிப்பதும் தலைமையாசிரியரின் அதிகாரம், அல்லது அவர் அந்த அதிகாரத்தை ஒப்படைத்தவருடையது. புதிதாக வந்த வகுப்பாசிரியர் தானாகப் பிரம்பை எடுக்க அனுமதி இல்லை. சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், கட்டொழுங்கு ஆசிரியராக இருந்த நான் சொல்கிறேன், மேசைமேல் இருக்கும் பிரம்பு அமைதியைத் தரும், கவனத்தைத் தராது. அந்த ஆசிரியர் விடுப்பு எடுக்கும் நாளில் அந்த வகுப்பைப் பாருங்கள், தெரியும். ஒருவன் செய்ததற்கு வகுப்பு முழுவதையும் நிற்கவைப்பதும் வேண்டாம், ஒழுங்காக இருந்த பிள்ளைகளின் நம்பிக்கை அன்றோடு போய்விடும். சின்ன விஷயத்துக்கெல்லாம் தலைமையாசிரியரிடம் அனுப்புவதும் வேண்டாம். அடிதடி, திருட்டு, ஒருவனைக் கூட்டாகச் சேர்ந்து வதைப்பது, இவற்றை மட்டும் ஒருபோதும் தனியாகக் கையாளாதீர்கள். அன்றே எழுதிக் கொடுங்கள்.

பெற்றோரைப் பற்றிச் சுருக்கமாக. நம் ஊரில் உங்கள் மாணவனின் அம்மாவைப் பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் பார்ப்பீர்கள், கோயில் திருவிழாவில் பார்ப்பீர்கள். அது பெரிய வசதி. முதல் தொலைபேசி அழைப்பு நல்ல செய்தியாக இருக்கட்டும்: "அண்ணி, இன்று உங்கள் பிள்ளை தானாக எழுந்து வாசித்தான்." அதன்பின் ஒரு குறையைச் சொன்னாலும் கேட்பார்கள். வாட்ஸ்அப் குழுவில் எந்தப் பிள்ளையின் குறையையும், பெயர் சொல்லாமல்கூட எழுதாதீர்கள். ஊருக்கே தெரிந்துவிடும். வகுப்பில் தூங்கி விழும் பிள்ளையை எழுப்பித் திட்டுவதற்குமுன் வீட்டு நிலவரத்தைக் கேளுங்கள். தொழிற்சாலையில் இரவு வேலைக்குப் போகும் தாய்மார்கள் இங்கே நிறைய. தம்பி தங்கையைத் தூங்கவைத்துவிட்டுத் தூங்கும் பத்து வயதுப் பிள்ளைகளும் நிறைய.

என் அனுபவத்துக்கும் எல்லை உண்டு. நான் நடத்தியதெல்லாம் தொடக்கப்பள்ளி, பெரும்பாலும் 30 பேருக்கு உட்பட்ட வகுப்புகள். இடைநிலைப்பள்ளியில் நாற்பது பதின்ம வயதினரை நடத்துபவருக்கு இவை அப்படியே உதவும் என்று சொல்லமாட்டேன். உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை ஒரு நிமிடம்கூட உட்கார முடியாமல், எல்லாப் பாடத்திலும், வீட்டிலும், விளையாட்டிலும் அப்படியே இருந்தால், அது வகுப்பு நிர்வாகத்தால் தீரும் விஷயமாக இல்லாமல் இருக்கலாம். அதை முடிவுசெய்ய எனக்கும் பயிற்சியில்லை, உங்களுக்கும் இல்லை. நீங்கள் கண்டதைத் தேதியோடு எழுதிவைத்து, தலைமையாசிரியர் வழியாகப் பெற்றோரிடம் பேசி, அரசாங்க மருத்துவமனையில் மதிப்பீட்டுக்கு வழிசெய்யுங்கள். பெற்றோர் முதலில் கோபப்படலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டாம். முதலில் பலகை மூலையின் காலை வேலை, அது பழகியபின் புத்தக விநியோகம், அப்புறம் மற்றவை. இடையில் ஒரு பாடவேளைக்கு, நீங்கள் மதிக்கும் ஓர் ஆசிரியரைப் பின்னால் உட்காரச் சொல்லி, நீங்கள் எத்தனை முறை பாடத்தை நிறுத்துகிறீர்கள் என்று மட்டும் எண்ணச் சொல்லுங்கள். மதிப்பீடு எதுவும் வேண்டாம், எண்ணிக்கை போதும். ஒரு வாரக் குறிப்பு கையில் வந்ததும், எந்தப் பாடத்தில், எத்தனையாவது நிமிடத்தில் சத்தம் கூடுகிறது என்று இங்கேயே எழுதுங்கள். அதை வைத்து உங்கள் வகுப்புக்கென்று குறிப்பாகப் பேசலாம்.